கொமிசன் பராசக்தி யோசித்துச் சொன்ன பதில்

உடுப்பிட்டியில் ஒரு புது முகம் பஸ்ஸை விட்டு இறங்கினால், அது யார், எவர் வீட்டுக்கு, என்ன அலுவலாக வந்திருக்கிறது என்பதைப் பொலிசு அறிவதற்கு முன்னர் அறிந்துவிடுகிற ஒருத்தி இருந்தாள். பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் பராசக்தி. ஊர் வைத்த பெயர் கொமிசன். அரசாங்கமும் ஏதாவது நடந்து முடிந்த பிறகு விசாரணைக் கொமிசன் வைப்பதுண்டு. அது பல வருடம் உட்கார்ந்து, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் எழுந்து போய்விடும். பராசக்தி அந்த இனமல்ல. கிணற்றுக்குள் போன வாளி மேலே வருவதற்குள், பக்கத்தில் நிற்பவரின் வம்சத்தை வேரோடு இழுத்து வெளியே போட்டுவிடுவாள்.

முறை இலகுவானது. முதலில், "பிள்ளை எவடம்?" அடுத்தது, "அம்மாவின்ரை ஊர்?" அதற்குப் பிறகு, "அப்ப புகையிலைக் கந்தரின்ரை பெறாமகளோ?" நாலாவது கேள்வி வருவதற்குள் ஆள் அகப்பட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யார்? பலர் கேட்பது, வந்தவருக்குக் கதிரை போடுவதா பாய் போடுவதா, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது என்று தீர்மானிக்க. பராசக்திக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவளுக்கு அது பசி. தான் பிடுங்கிக் கொடுக்கும் பதிலை வைத்து மற்றவர்கள் கதிரையையும் கோப்பையையும் மாற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. யோசிப்பது அவளுடைய பழக்கமே அல்ல. அவளிடம் பதில் எப்போதும் தயாராக இருந்தது.

கணவர் அருளம்பலம் வெங்காயத் தோட்டக்காரர். வீட்டில் கதைக்க வேண்டிய பங்கு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, மனிதர் வெங்காயத்தோடு நிம்மதியாக இருந்தார்.

பராசக்திக்கு ஊரில் ஒரு பதவியும் இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, தானாக வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் சாவோ பிறப்போ நடந்தால் அவர்களுடைய இரத்த உறவுகளுக்கெல்லாம் துடக்கு. துடக்கு உள்ளவர்கள் முப்பத்தொரு நாள் கழியும்வரை கோயிலுக்குள் போகக் கூடாது. ஆனால் திருவிழாக் காலத்தில், தன் உபயம் தவறிப்போகும் என்ற பயத்தில், செத்தவரை ஆரென்றே தெரியாது என்று சொல்லத் துணிந்த பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அதனால் பிள்ளையார் கோயில் ஐயர் பராசக்தியின் வேலிப் படலையில் வந்து நின்று, "அம்மா, இது ஆருக்கெல்லாம் துடக்கு?" என்று கேட்பார். கேள்வி முடிவதற்குள் விடை வந்துவிடும். அதற்கு மேல் அப்பீல் இல்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பு எரிந்தது. கடைகளையும் வீடுகளையும் நெருப்புக்குக் கொடுத்தவர்கள் கப்பலில் ஏற்றப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். அங்கிருந்து பஸ்களில் ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். உடுப்பிட்டிப் பள்ளிக்கூட மண்டபம் ஒன்று ஒரே பின்னேரத்தில் நிரம்பியது.

வந்தவர்களைக் குடியமர்த்த நலன்புரிச் சபை ஒன்று அமைந்தது. தலைவர் நமசிவாயம். புகையிலை வியாபாரி, அருளம்பலத்தின் சித்தப்பா மகன், நெஞ்சில் பட்டி குத்திக்கொள்ளும் எந்த அலுவலுக்கும் முதலாவதாக வந்து நிற்பவர். அன்று ஒலிபெருக்கி கட்டி, அவர் ஒரு பேச்சுப் பேசினார். "இவர்களை அகதிகள் என்று சொல்லாதீர்கள். இவர்கள் எங்கள் இரத்த உறவுகள். இவர்களுடைய உடம்பில் ஓடுவது எங்கள் பாட்டன்மாரின் இரத்தம்." பசியோடு இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். பிறகு தேத்தண்ணி வந்தது.

பராசக்தி தேத்தண்ணி ஊற்றப் போனவள்தான். மண்டபத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவு அந்நியர்கள் ஒரே கூரையின் கீழ்! அவளுக்கு அது தேர்த் திருவிழா. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரும்பலகைப் பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, பென்சன் எடுத்த ஸ்ரேசன் மாஸ்ரர் பரமலிங்கத்தின் வாசலில் நின்றாள்.

"மாஸ்ரர், உங்கடை பெரியம்மாவின்ரை மச்சாளின்ரை பேத்தி பள்ளிக்கூட வாங்கிலை கிடக்கிறாள். ரெண்டு குழந்தையள். இஞ்சை நீங்கள் மூண்டு அறையைப் பூட்டி வைச்சு ஆருக்குக் காவல் இருக்கிறியள்?"

"பராசக்தி, அது சொந்தம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தூரத்துச் சொந்தம்."

"தூரம் எண்டபடியால்தானே மாஸ்ரர் கப்பலிலை வந்தவை."

பரமலிங்கம் மூன்று அறையில் இரண்டைத் திறந்தார். இப்படியே ஊர் திறந்தது. யாழ்ப்பாணத்தான் அந்நியனுக்குக் கதவைச் சாத்துவான். சொந்தம் என்று நாலு பேருக்கு முன்னால் நிரூபிக்கப்பட்டவனுக்குச் சாத்த மாட்டான், வெட்கம் விடாது. சபை ஒலிபெருக்கியில் சாதிக்காததைப் பராசக்தி படலைகளில் சாதித்தாள். தன் வீட்டையும் விடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்த தங்கை குடும்பம் அவளுடைய ஒரே அறையில் அடுக்கி வைத்ததுபோலப் படுத்தது. ஆவணி பிறந்தபோது மண்டபம் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. ஒரு மூலையைத் தவிர.

அந்த மூலையில் பெருமாளும் அவன் மனைவி மாரியாயியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். பெருமாள் கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கியவன். மாரியாயிக்கு நிறைமாதம். பராசக்தி அவர்களைக் கடைசிக்கு விட்டு வைத்திருந்தாள். ருசியானதைக் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம்.

"பிள்ளை எவடம்?"

"அட்டன் பக்கங்க. தேயிலைத் தோட்டம்."

"அப்பா அம்மா?"

"அவங்களும் தோட்டந்தாங்க."

"அவைக்கு முந்தி?"

"அவங்களும் தோட்டந்தாங்க. அதுக்கு முந்தி கப்பல்ல வந்தாங்களாம்." மாரியாயி சற்று யோசித்துச் சிரித்தாள். "நாங்களும் இப்ப கப்பல்லதான் வந்திருக்கோம். எங்களுக்கு அதுதான் ராசி போல."

பராசக்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தேடினாள். தாய் வழி, தகப்பன் வழி, கொண்டான் கொடுத்தான் வழி எல்லாம் போய்ப் பார்த்தாள். எந்தப் பாதையும் உடுப்பிட்டிக்கு வரவில்லை. ஆளில்லாத வல்லைவெளியில் நடுவழியில் பஸ் நின்றுவிட்டதுபோல இருந்தது.

சொந்தம் இல்லாவிட்டால் என்ன, சனம்தானே என்று வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு படலையிலும் அவளை ஒரே கேள்வி எதிர்கொண்டது.

"ஆரின்ரை ஆக்கள், பராசக்தி அக்கா?"

அது அவளுடைய கேள்வி. அவள் ஊருக்குப் பழக்கிவிட்ட கேள்வி. தன் வாயிலிருந்து வெளியே போகும்போது அவ்வளவு இனித்த கேள்வி, திரும்பி வந்து தன்னையே முட்டும்போது எவ்வளவு கரடுமுரடானது என்பதை அன்றுதான் அறிந்தாள்.

கடைசியாக நமசிவாயத்திடம் போனாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒழுங்கையில், பதினாறு வயது மகளுக்கென்று அவர் கட்டிய சீதன வீடு பூட்டிக் கிடந்தது. வருடா வருடம் வெள்ளையடித்து, எட்டுக்கால்பூச்சிகளைக் குடியிருத்தி வைத்திருந்தார். அந்தப் பூட்டின் திறப்பு அவருடைய இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

"மச்சாள், நான் சபைத் தலைவர்," என்றார் நமசிவாயம். "தலைவரே தன்ரை வீட்டைக் குடுத்தால் சனம் என்ன சொல்லும்? விளம்பரம் தேடுறான் எண்டு சொல்லும். எனக்கு உந்த விளம்பரம் பிடியாது."

"அது எனக்குத் தெரியும் தம்பி. பட்டியைக் கழட்டிப்போட்டுக் குடுங்கோவன்."

"பகிடியை விடுங்கோ. நாளைக்கு மாப்பிள்ளை பகுதி வந்து, இஞ்சை முந்தி ஆர் இருந்தவை எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? எங்கடை ஆக்கள் எண்டால் இண்டைக்கே திறந்துவிடுவன். அவை ஆர், எவரெண்டு உங்களுக்கே தெரியேல்லை."

அடுத்த சபைக் கூட்டம் தீர்மானம் எடுத்தது. பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, மண்டபம் தேவை. வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்களாம், காற்றும் நல்லதாம். பெருமாள் குடும்பத்தை லொறியில் ஏற்றி அனுப்புவது. வழிச்செலவுக்கு ஒரு பொதி பாணும் வாழைப்பழமும் சபை வழங்கும். நிறைமாதக்காரி அங்கே எந்தக் கூரையின் கீழ் பிள்ளை பெறுவாள் என்பது தீர்மானத்தில் இல்லை. பராசக்தி எழுந்து அதைக் கேட்டாள். வேறு விடயங்களுக்கு நேரமில்லை என்று தலைவர் கூட்டத்தை முடித்தார்.

லொறி வந்தது. சாரதி சிமியோன் பருத்தித்துறைக்காரன். பாய், சட்டி, பிள்ளைகள் எல்லாம் ஏறியாயிற்று. மாரியாயி ஒரு காலைத் தூக்கி வைத்தாள், மறு காலைத் தூக்க முடியாமல் லொறியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சிமியோன் எட்டிப் பார்த்தான். "அக்கா, நான் வெங்காயம் ஏத்துற ஆள். வழியிலை வெங்காயம் முளைச்சால் என்ன செய்யிறதெண்டு தெரியும். பிள்ளை பிறந்தால் தெரியாது. ஆசுபத்திரிக்கு விடட்டோ?"

ஆஸ்பத்திரிவரை போக மாரியாயிக்கு நேரமிருக்கவில்லை. பராசக்தியின் வளவு வேலிக்கு அந்தப் பக்கம்தான். வேலியைப் பிரித்து அவளைக் கூட்டிப் போனார்கள். அறைக்குள் தங்கை குடும்பம். மிஞ்சியது வெங்காயக் கொட்டில்.

"வெங்காயத்தை நான் வெளியிலை எடுக்கிறன்," என்றார் அருளம்பலம். அந்த மாதத்தில் அவர் பேசிய முதலாவது முழு வாக்கியம் அது.

மருத்துவிச்சி ஓடி வந்தபோது பிள்ளையின் தலை பராசக்தியின் கையில் இருந்தது. ஆண் பிள்ளை. வெங்காய வாசத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒழுங்கை முழுவதும் கேட்கக் கத்தினான். லொறி வெறுமையாகத் திரும்பியது. திருவிழா முடிய, தாய் எழும்பி நடமாட, மறுபடி வரட்டும் என்று சபை தன் தீர்மானத்தைத் தள்ளிவைத்தது. இரத்துச் செய்யவில்லை.

மறுநாள் காலை ஐயர் படலையில் நின்றார். கோயிலில் கொடி ஏறியிருந்தது.

"பிள்ளை பிறந்ததெண்டு கேள்விப்பட்டன். சந்தோசம். ஆருக்கெல்லாம் துடக்கு அம்மா?"

"எங்கடை வீட்டுக்கு இருக்கு ஐயா. நாங்கள் கோயிலுக்கு வரமாட்டம்."

"அது சரி. பிள்ளை பெத்த வீடு. மற்றது ஆர்?"

பராசக்தி வாயைத் திறந்தாள். "ஒருத்தருக்கும் இல்லை" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது பெருமாள் கிணற்றடியில், யாருடைய துலாவைத் தொடலாம், யாருடையதைத் தொடக் கூடாது என்று தெரியாமல், வெறும் வாளியோடு நின்றான். பராசக்தி வாயை மூடினாள்.

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா."

ஐயர் பயந்துபோனார். அவருக்குத் தெரிய, பராசக்தி யோசித்ததே கிடையாது.

அவள் அதைத் தெரிந்துதான் சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று கேட்பவர்கள் அவளிடமே கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்களுக்கு அவள் சொன்னது: "யோசிக்க வேணுமெண்டு நினைச்சன், யோசிக்க வேணுமெண்டு சொன்னன்." இதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை.

ஆனால் ஊருக்கு எலும்புத்துண்டு ஒன்று கிடைத்துவிட்டது. கொமிசனே யோசிக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. கோயில் திருவிழாவைத் தன் வீட்டு விசேஷம்போலக் கொண்டாடுகிறவள், அந்தப் பக்கமே போகாமல் துடக்குக் காக்கிறாள். சொந்தமில்லாதவளுக்கு யார் அப்படிச் செய்வார்கள்? ஊர் தன் சொந்தச் செலவில் விசாரணையை ஆரம்பித்தது. பராசக்தியிடம் படித்த ஊர் அல்லவா, விரைவாகவே முன்னேறியது.

அருளம்பலத்துக்கும் நமசிவாயத்துக்கும் பாட்டனார் ஒருவரே. வைத்திலிங்கம். அவர் பன்னிரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எந்தத் தோட்டம்? அட்டன் பக்கம். வருடத்துக்கு ஒருதரம் தேயிலைப் பெட்டியோடு வந்து போவாராம். மற்ற நாளெல்லாம்? கிணற்றடி விரல் மடித்து வருடங்களை எண்ணியது.

அருளம்பலத்திடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எதற்குமே ஒன்றும் சொல்லாதவர். ஆனால் இந்த முறை அவர் சொல்லாமல் விட்டதை ஊர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டது. நமசிவாயத்தின் விறாந்தையில் தலைப்பாகையோடு தொங்கிய வைத்திலிங்கத்தின் படத்தைப் பார்க்க, புகையிலை விலை கேட்கிற சாட்டில் சிலர் வந்தார்கள். படத்தின் காதைப் பார்த்துவிட்டு நேரே வெங்காயக் கொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையின் காதைப் பார்த்தார்கள். காதுகளில் என்ன வித்தியாசம் கண்டுபிடிக்க முடியும்? எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

"உதிலை அதிசயப்பட என்ன கிடக்கு?" என்றாள் ஒருத்தி. "நமசிவாயத்தாரே அண்டைக்கு மைக்கிலை சொன்னவர்தானே, பாட்டன்ரை இரத்தம் எண்டு."

பராசக்தி ஒரு சொல்லில் இதை நிறுத்தியிருக்கலாம். "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடம் வரும்போதெல்லாம் அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

திருவிழா சப்பறத்தை நெருங்கியது. சப்பறம் நமசிவாயத்தின் உபயம். நாலு கூட்டு மேளம் பேசி, நாதஸ்வரக்காரரின் ஊரான அளவெட்டிக்கு வெற்றிலை பாக்கும் போயாயிற்று. தர்ப்பை போட வேண்டிய விரலை அவர் வீட்டிலேயே நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐயர் சொல்லியனுப்பினார்: அம்மா இன்னும் யோசித்து முடிக்கவில்லை. முடிக்கும்வரை நமசிவாயத்தாரின் கையில் தர்ப்பை போடுவது கஷ்டம்.

அன்று பின்னேரம் நமசிவாயம் பராசக்தியின் முற்றத்துக்கு வந்தார். பட்டி நெஞ்சில் இல்லை. பரப்பிக் கிடந்த வெங்காயத்துக்கு நடுவில், கால் வைக்க இடம் தேடி நின்றார். அருளம்பலம் தலையை நிமிர்த்தாமல் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், ஐயரிட்டை ஒரு சொல் சொல்லிவிடுங்கோ."

"என்ன சொல்?"

"எனக்குத் துடக்கில்லை எண்டு."

"அப்ப அவை உனக்கு ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லை."

"நீதானே தம்பி இரத்த உறவு எண்டனீ."

"அது மைக்கிலை, மச்சாள்."

பராசக்தி வெங்காயத் தாளைக் கிள்ளியபடி தலையசைத்தாள். அது நியாயமான பதில்தான் என்று ஏற்றுக்கொண்டதுபோல இருந்தது.

"சரி, சொல்லுறன். ஆனா ஐயர் திருப்பிக் கேப்பார், ஒண்டுமில்லாத ஆக்கள் ஏன் உங்கடை கொட்டிலுக்கை பிள்ளை பெத்தவை எண்டு. ஐயர் கேக்காட்டிலும் சனம் கேக்கும். என்ன சொல்ல?"

"அதுதான் திருவிழா முடிய லொறி வருதே. ஆக்கள் போனால் கதையும் போகும்."

"போகுமோ? பாட்டன்ரை பிழையை மறைக்கப் பச்சைப் பிள்ளையை லொறியிலை ஏத்திக் காட்டுக்கு அனுப்பினவன் எண்டெல்லோ கதை வரும். உன்ரை மகளுக்குச் சம்பந்தம் பேச வாற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிணத்தடி சொல்லும்."

நமசிவாயம் வெங்காயத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் யோசிச்சுப் பார்த்தன்," என்றாள் பராசக்தி. உண்மையாகவே அந்த நாட்களில் அவள் வேறு எதையும் செய்யவில்லை. "சொந்தமெண்டு சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. இல்லாததைச் சொல்ல மாட்டன். ஆனா ஒருத்தற்றை வளவிலை குடியிருக்கிற ஆக்களுக்கு ஆரும் துடக்குக் காக்கிறதில்லை. ஐயருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். உவை நமசிவாயத்தின்ரை சீதன வீட்டிலை குடியிருக்கினம், பேறு பார்க்க மட்டும் இஞ்சை வந்தவை எண்டு சொன்னால் எல்லாற்றை வாயும் மூடும். அதுக்கு முதல் அவை அங்கை குடியிருக்க வேணும். நான் பொய் சொல்லுறதில்லை, உனக்குத் தெரியும்தானே."

சொந்தமில்லை என்று நிரூபிக்க வீட்டைக் கொடுக்க வேண்டும். வீட்டைக் கொடுக்காவிட்டால் சொந்தமாகிவிடுவார்கள். நமசிவாயம் அதை முன்னாலும் பின்னாலும் புரட்டிப் பார்த்தார். புகையிலை வியாபாரத்தில் இப்படியொரு பொறியை அவர் கண்டதில்லை.

"நான் வீட்டை போய்த் திறப்பை எடுத்துக்கொண்டு..."

"திறப்பு இடுப்பிலைதானே கிடக்குது," என்றார் அருளம்பலம். அந்த மாதத்தின் இரண்டாவது வாக்கியம்.

பொழுதுபட முன்னர் எட்டுக்கால்பூச்சிகள் வெளியேற்றப்பட்டன. பெருமாள் இரண்டு பிள்ளைகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு, பராசக்தி முன்னால் நடக்க, ஒழுங்கையால் போனான். மாரியாயி நடந்து வருகிறாளா பறந்து வருகிறாளா என்று தெரியாதபடி குழந்தையை அணைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று, "செருப்ப எங்கம்மா கழட்டுறது?" என்று கேட்டாள். அவளிடம் செருப்பு இருக்கவில்லை. சொந்தமாக ஒரு வாசல் கிடைத்த சந்தோஷத்தில் கேட்டுவிட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துவிட்டது.

ஐயருக்குப் பதில் போனது. நமசிவாயத்தின் விரலில் தர்ப்பை ஏறியது. சப்பறம் நாலு கூட்டு மேளத்தோடு பள்ளிக்கூட ஒழுங்கையால் வந்தது. முதன்முதலாக விளக்கு எரிந்த சீதன வீட்டின் முன்னால் நாதஸ்வரக்காரர் தானாகவே நின்று ஒரு உருப்படியை நீட்டி வாசித்தார். பெரிய மனிதரின் புது வீடு என்று நினைத்தாராம். பராசக்தி வரவில்லை. அவள் வீட்டில் துடக்கு. வேலிக்குள் நின்று கேட்டாள். அந்த வருடத்துத் திருவிழாவில் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு உருப்படிதான். அது தனக்கே வாசித்தது என்று அவள் கடைசிவரை சாதித்தாள். மறுப்பதற்கு ஊருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

திருவிழா முடியச் சிமியோனின் லொறி வந்தது. பெருமாள் அதில் ஏறினான். பாயோடும் சட்டியோடுமல்ல, சுமை ஏற்றுகிற ஆளாக. இரண்டு பேர் தூக்கும் வெங்காயச் சாக்கை ஒருவனாகத் தூக்குகிறவனைச் சிமியோன், கொட்டிலை வெறுமையாக்கிய அன்று ஒரு தடவை பார்த்ததே போதுமாக இருந்தது. வவுனியாக் காற்றை அவர்கள் இருவரும் லொறியில் போய்ச் சுவாசித்துவிட்டு, இருட்ட முன்னர் வீட்டுக்கு வந்தார்கள்.

முப்பத்தொன்று கழிவுக்குச் சீதன வீட்டில் பந்தல் போட்டார்கள். அன்றுவரை காதைப் பார்க்க வந்தவர்கள், இப்போது கையில் பலகாரத் தட்டோடு வந்தார்கள். பரமலிங்கம் மாஸ்ரர் தன் வீட்டுக் கப்பல் சொந்தங்களையும் கூட்டி வந்தார். அன்று எந்தக் கோப்பையில் யாருக்குத் தேத்தண்ணி என்று மாரியாயிதான் தீர்மானித்தாள். வீட்டில் இருந்ததே ஒரே மாதிரியான கோப்பைகள். நமசிவாயம் பட்டி குத்திக்கொண்டு முன் கதிரையில் இருந்தார். சபைத் தலைவர் தன் சொந்த வீட்டையே கொடுத்தார் என்று பக்கத்து ஊர்ச் சபை அவரைப் புகழ்ந்திருந்தது. அந்தப் புகழை அவர் மறுக்கவில்லை. பராசக்தியும் மறுக்கவிடவில்லை.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நேரம் வந்தது. பெருமாள் எழுந்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நமசிவாயத்தின் முன்னால் கும்பிட்டான்.

"எங்களுக்குக் கூரை குடுத்த ஐயாவுக்கு நாங்க என்ன செய்ய முடியும்? உங்க வீட்டுப் பெரியவங்க பேரையே புள்ளைக்கு வைக்கலாம்னு இருக்கோம். உங்க பாட்டனாரு பேரு என்னன்னு நேத்து அம்மாகிட்டக் கேட்டேன். சொன்னாங்க."

பராசக்தி கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. இந்த முறை யோசிக்கவுமில்லை.

பெருமாள் குனிந்து, எல்லாருக்கும் கேட்க, பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னான்.

"வைத்திலிங்கம். வைத்திலிங்கம். வைத்திலிங்கம்."

பந்தல் முழுவதும் திரும்பி அந்தக் காதைப் பார்த்தது.